மட்டக்களப்பு வாவிப் பிரதேசத்தில் ஆள்வோர் பயின்ற முறை: ஒரு வரலாற்று நோக்கு

மக்கட் பிரதிநிதிகளுக்கும் அரசாங்க அலுவலர்க்கும் தலைமைத்துவப் பயிற்சி அளித்தல் அண்மைக்கால நிறுவனங்களின் ஆக்கம் என்றே பொதுவாகக் கருதப்படுகின்றது. இலங்கையில் நிருவாகக் கல்விக்கெனத் தனியான கழகம் 1966ஆம் ஆண்டிலே தோன்றியது. அபிவிருத்தி நிருவாக நிறுவகம் 1982ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்தால் நிலைபெற்றது. ஆயின், எழுவான்கரை, படுவான்கரை என வாவி இருகூறாக்கிய மட்டக்களப்பு நாட்டிலே இவற்றுக்கு நெடுங்காலம் முன்னரே தலைமை ஒரு தொழில்போலப் பயிலப்பட்டு வந்தது. அது எங்குப் பயிலப்பட்டது, எவர் பயில இடமிருக்கவில்லை என்பனவே இங்கு நோக்கற்பாலன.

கொக்கட்டிச்சோலை, மண்டூர், திருக்கோவில் ஆகிய பெருங்கோயில்களின் நிருவாகம் குடிமுறையோடு பிணைந்தது. குடியோ தாய்வழியாக வருவது. ஆதலின் வண்ணக்கர் பொறுப்பு மரபுப்படி அம்மானிடமிருந்து மருகனைச் சேர்ந்தது. கோயிற் கணக்கு, திருவிழா முறை, எக்குடிக்கு எவ்வரிசையில் மரியாதை என்பனவற்றையெல்லாம் மருகன் அம்மானருகே நின்று கற்றான். முக்குவர் வழக்கத்தைப் பற்றி 1876இல் பிரிற்றோ வெளியிட்ட நூலும், எப். எக்ஸ். சி. நடராசா 1962இல் பதிப்பித்த மட்டக்களப்பு மான்மியமும் இச்சமூக அமைப்பை விளங்க உதவுவன. பெண்வழியே குடியும் முதுசமும் இறங்கிய நாட்டிலும் வண்ணக்கர் பதவி ஆண்கள் கையிலேயே இருந்தது. இம்முரணை ஆய்வாளர் சிலர் எளிதிற் கடந்து செல்வது வியப்புக்குரியது.

கோயிலினும் கடுமையான பள்ளி வயல்வெளியாகும். வட்டையொன்றின் நீரைப் பங்கிடும் வட்டைவிதானை, எந்நாளில் மதகு திறப்பது, எந்நாளுக்குள் விதைப்பை முடிப்பது, மாடுகளை எப்போது அப்புறப்படுத்துவது, வேலி அடையாதவனை என்ன செய்வது என்பவற்றிற் கூட்டத்தின் தீர்மானத்தை நிறைவேற்றவேண்டியவன். அவனுக்குரிய ஊதியம் அறுவடையின்பின் நெல்லாகவே கிடைத்தது. வாய்க்காலின் கடைசி வயலுக்கு நீர் எட்டாவிடில் அவன் பதில் சொல்லவேண்டியது கச்சேரிக்கு மட்டுமன்று. அவ்வயலுக்குரியவன் மறுநாட் காலை அவன் வாசலில் வந்து நிற்பான். எந்த விரிவுரை மண்டபமும் தரவியலாத பயிற்சி இதுவென்பது எமது கருத்து.

இவ்வழக்கங்களின் பயனைப் பிரித்தானிய ஆட்சியும் உணர்ந்தது. தேசாதிபதி ஹென்றி வார்ட் காலத்து 1856ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கக் கட்டளைச்சட்டம், பண்டை நீர்ப்பாசன, நெற்செய்கை வழக்கங்களை மீட்டு வலுவூட்டும் நோக்குடையது. வழக்கம் எதுவெனத் தீர்மானிக்கும் உரிமையை அது வயலுடையோர் கூட்டத்திடமே விட்டது. மட்டக்களப்பிற் பதவி வகித்த பேர்ச் என்பவர் இப்பகுதியின் நீர்ப்பாசன வேலைகளில் ஊக்கங்காட்டினார். (இவரே பின்னர் மலாயாவின் பேராக்கில் வதிவிட அதிகாரியாகி 1875இற் கொல்லப்பட்டவர். ஊர் வழக்கத்தை மதித்து இங்கு ஈட்டிய பெயரை அங்கு அவர் காத்துக்கொள்ளவில்லை.) ஆயினும் கூட்டத்தில் வாய்திறக்கும் தகுதி வயலுடையோர்க்கே உரியதாயிற்று. போடியார் பேச, சேற்றில் நின்ற முல்லைக்காரன் கேட்டிருந்தான். பயிரிடுவோரும் இடம்பெற்ற பயிர்ச்செய்கைக் குழுக்கள் 1958ஆம் ஆண்டின் நெற்காணிச் சட்டத்தின் பின்னரே தோன்றின.

சட்டசபை உறுப்பினர்க்கு ஆட்சிப் பயிற்சி அளிக்க இந்நாட்டிற் செய்யப்பட்ட மிகப் பெரிய முயற்சி, பயிற்சி என்ற பெயரையே தாங்காத டொனமூர் அரசியற் திட்டமாகும். 1931 முதல் 1947 வரை நிலவிய இத்திட்டத்தில் அரசாங்க சபை உறுப்பினர் ஏழு நிருவாகக் குழுக்களாகப் பகுக்கப்பட்டனர். சபையில் வினாத் தொடுப்பதோடு அமையாது, திணைக்களக் கோவைகளைப் புரட்டி முடிவெடுக்கும் பொறுப்பும் அவர்க்கு உண்டாயிற்று. மட்டக்களப்புத் தெற்கின் பிரதிநிதியான மாக்கான் மாக்கார் முதற் சபையிலே போக்குவரத்து, மராமத்து அமைச்சரானார். அவர் இம்மண்ணிற் பிறந்தவரல்லர், காலியிற் பிறந்தவர். 1943 இடைத்தேர்தலில் வென்ற வ. நல்லையாவோ இவ்வூர் மனிதர். சிங்களத்தை அரசகரும மொழியாக்கக் கோரிய ஜே. ஆர். ஜயவர்த்தனாவின் பிரேரணையில் தமிழையும் சேர்க்குமாறு 1944இல் அவர் கொண்டுவந்த திருத்தம் ஏற்கப்பட்டது. வந்தாறுமூலை மத்திய கல்லூரியின் தோற்றத்தையும் மக்கள் அவர் பெயரோடு சேர்த்தே நினைவுகூர்வர். அவ்வந்தாறுமூலையிலேயே 1981இல் மட்டக்களப்புப் பல்கலைக்கழகக் கல்லூரி தொடங்கிற்று.

சோல்பரி திட்டத்தோடு நிருவாகக் குழுக்கள் மறைந்தன. அமைச்சரல்லாத உறுப்பினர் மீண்டும் பேச்சாளராயினர். 1963இல் விதானைமார் முறையும் ஒழிந்து கிராமசேவகர் வந்தனர். சிவில் சேவையின் இடத்தை நிருவாக சேவை ஏற்றது. பரம்பரைத் தலைமை நீங்கியது நன்றே. ஆயின் புதிய அலுவலர் இடமாற்றத்துக்குரியவர். மாரியிலே வாவி பெருகி வயல்கள் மூழ்குங்கால் முகத்துவாரத்தை வெட்டுமாறு உழவர் கேட்பர். மீன்வளம் கடலோடு போகுமென மீனவர் தடுப்பர். எந்நாளில் வெட்டுவதென்பதை இவ்விரு சாராரையும் அறிந்தவரே துணிந்து கூறவியலும்.

கிழக்கு மாகாண சபையின் காலம் 2017 செப்டெம்பரில் முடிவுற்றதும், மாகாண ஆட்சி தேர்தலின்றி ஆளுநரின் கீழ் அலுவலர் கைக்கு மாறிற்று. மறுபுறம், 2018 உள்ளூராட்சித் தேர்தலில் முதன்முறையாக நடைமுறைக்கு வந்த நான்கிலொரு பங்கு ஒதுக்கீட்டால் வாவிக்கரைப் பிரதேச சபைகளிற் பெண்கள் பலர் அமர்ந்தனர். வண்ணக்கர் வரிசையிலும் வட்டைவிதானை வரிசையிலும் தம் அன்னையர் எவரும் நின்றறியாத அவர்கள், தெருவிளக்கும் வடிகாலும் பற்றிய தீர்மானங்களிலே தம் முதற்பாடத்தைத் தொடங்கினர்.