வேட்டைக்காரரின் தோல் பையில் என்ன இருந்தது?

அமெரிக்காவின் ராக்கி மலைப் பகுதியில் இருநூறு ஆண்டுகளுக்கு முன் பீவர் வேட்டையாடியவர்களைப் பற்றிச் சென்ற மாதம் ஒரு புத்தகம் படித்தேன். ஆங்கிலப் புத்தகம்தான். ஆனால் பத்துப் பக்கத்துக்கு ஒரு பிரெஞ்சு வார்த்தை எட்டிப் பார்க்கிறது. எல்லோரும் கூடும் இடத்துக்கு ‘ராந்தேவு’, பொருளைப் புதைத்து வைக்கும் குழிக்குக் ‘காஷ்’, படகைத் தோளில் சுமந்து தரைவழியே கடப்பதற்குப் ‘போர்த்தாழ்’, முதலாளிக்குப் ‘பூர்ழுவா’. பள்ளிப் படிப்பு முழுவதையும் பிரெஞ்சில் படித்த எனக்கு, வெளியூர்ச் சந்தையில் நம் தெருக்காரர்களைப் பார்த்தது போல இருந்தது.

இதில் வியப்பில்லை. அந்தத் தோல் வியாபாரத்தில் முதலில் இறங்கியவர்கள் கனடாவிலிருந்த பிரெஞ்சுக்காரர்கள். மலைக்குப் புறப்படுகிறவர்கள் மூட்டை கட்டிய செயின்ட் லூயி நகரமே, 1764-இல் பிரெஞ்சு வணிகர்கள் ஏற்படுத்தியதுதான்.

அந்தப் புத்தகத்தில் என்னைப் பிடித்து நிறுத்தியது ஒரு தோல் பை. அவர்கள் அதைப் ‘பாசிபிள்ஸ்’ பை என்றார்கள். தேவைப்படக்கூடியது எல்லாம் அதில் இருக்கும் என்று பொருள். நம் பாட்டிமார் இடுப்பில் செருகியிருந்த சுருக்குப்பை நினைவுக்கு வந்தது. அதிலும் வெற்றிலை, பாக்கு, சில்லறை, ஊசி, சாவி என்று ஒரு குடித்தனமே இருக்குமே!

அந்தக் காலத்துத் துப்பாக்கி, நாம் நாட்டுத் துப்பாக்கி என்று சொல்லும் வகை. வெடிமருந்தையும் குண்டையும் குழலின் வாய் வழியாகப் போட்டு, கம்பியால் கெட்டித்துச் சுட வேண்டும். முதலில் மான்கொம்பு நுனியைக் குடைந்து செய்த அளவையால் மருந்தை அளந்து கொட்ட வேண்டும். பிறகு கொழுப்புத் தடவிய துணித் துண்டில் ஈயக் குண்டை வைத்துக் கடைசி வரை தள்ள வேண்டும். பக்கத்திலுள்ள சிறு கிண்ணியில் சிட்டிகை மருந்து இட வேண்டும். விசையை இழுத்தால் சிக்கிமுக்கிக் கல் இரும்பில் உரசிப் பொறி பறக்கும். இதில் படி தவறினால் வெடிக்காமலே போகலாம். எதிரே கரடி நின்றாலும் அதேதான்.

பையிலுள்ள பொருள்களெல்லாம் இந்த வேலையை ஒட்டியவை. குண்டுகள், துணித் துண்டு, கொழுப்பு டப்பி, மாற்றுக் கல், கல்லை இறுக்கிப் பிடிக்க ஒரு தோல் துண்டு, திருப்புளி, அடைத்துக்கொண்ட பொறித்துளையைக் குத்திவிட ஒரு கம்பி, வெடிக்காமல் சிக்கிய குண்டைத் திருகி வெளியே இழுக்க ஒரு திருகாணி, ஈயத்தை உருக்கி ஊற்றும் குண்டு அச்சு. மருந்து மட்டும் தனியாக மாட்டுக்கொம்பில். துப்பாக்கிக்குச் சம்பந்தமில்லாமல் இன்னும் இரண்டு: நெருப்பு மூட்ட ஒரு கல்லும் இரும்பும், செருப்புத் தைக்க ஒரு குத்தூசி.

ஆஸ்போர்ன் ரஸ்ஸல் என்ற வேட்டைக்காரர் 1834 முதல் 1843 வரை மலையில் இருந்து நாட்குறிப்பு எழுதியவர். ஒருவனுடைய மொத்த உடைமையையும் அவர் வரிசையாகச் சொல்கிறார். ஆறு பொறிகள், ஒரு கம்பளி, மாற்றுத் தோல் காலணி, மருந்துக் கொம்பும் குண்டுப் பையும், இடுப்பில் கத்தி, புகையிலைப் பையில் சுங்கானும் நெருப்பு மூட்டும் சாமானும். பீவரை ஈர்க்கும் வாசனை மருந்து ஒரு மரப் பெட்டியில். ஏறக்குறைய இவ்வளவுதான்.

ரக்ஸ்டன் என்ற ஆங்கிலேயர் 1840-களில் இவர்களைப் பார்த்து எழுதினார். கழுத்தில் தொங்கும் சுங்கான் உறைக்கு அவர் சொல்லும் பெயர் ‘காழ் தமூர்’. காதலின் அடையாளம் என்று அர்த்தம். இதய வடிவில் அதைத் தைத்தவர்கள் செவ்விந்தியப் பெண்கள். இந்தப் பெண்களின் தையல் இல்லாவிட்டால் பலருக்குக் காலணியும் இருந்திருக்காது.

குமாஸ்தாவாக இருந்தவன் புத்தி எங்கே போகும்? எனக்கு விலைப் பட்டியல் வேண்டியிருந்தது. அதுவும் கிடைத்தது. 1826 ஜூலையில் வில்லியம் ஆஷ்லி என்பவர் தம் வியாபாரத்தை ஸ்மித், ஜாக்சன், சப்லெட் என்ற மூவருக்கு விற்றபோது, மலைக்குக் கொண்டுபோய்க் கொடுக்கும் சரக்குக்கு விலை எழுதி ஒப்பந்தம் போட்டார்கள். வெடிமருந்து பவுண்டு ஒன்றரை டாலர். ஈயம் பவுண்டு ஒரு டாலர். கம்பளி ஒன்று 9 டாலர். துப்பாக்கி 24 டாலர். காபி பவுண்டு ஒன்றேகால் டாலர். இது கூட்டாளிகளுக்கான மொத்த விலை. தனி ஆளுக்கு இதற்கு மேல். பதிலுக்குப் பீவர் தோல் பவுண்டு 3 டாலர் என்று எடுத்துக்கொள்ளப்பட்டது.

கணக்குப் போட்டுப் பார்த்தேன். அரை அவுன்ஸ் குண்டு என்றால் பவுண்டுக்கு 32. ஒரு பவுண்டு மருந்து என்பது 7000 கிரெயின். வெடிக்கு 70 வீதம் நூறு முறை சுடலாம். நூறு வெடிக்கு மருந்து ஒரு பவுண்டு, ஈயம் மூன்று பவுண்டுக்குக் கொஞ்சம் மேல். ஆக நாலரை டாலருக்குச் சற்று அதிகம். ஒன்றரைப் பவுண்டுள்ள ஒரு பீவர் தோலின் விலையும் ஏறக்குறைய அதுதான். சுட்ட விலங்கின் உடலிலிருந்து குண்டைத் தோண்டி எடுத்து மறுபடி உருக்கினார்கள் என்பது இதைப் பார்த்தால் புரிகிறது.

அதே பட்டியலில் கண்ணில் படாமல் இரண்டு வரிகள் இருக்கின்றன. துப்பாக்கிக் கல், டஜன் 50 சென்ட். காலணிக் குத்தூசி, டஜன் 25 சென்ட். அதாவது கல் ஒன்று நாலு சென்ட், ஊசி ஒன்று இரண்டு சென்ட்.

இந்த அற்பப் பொருள்கள் எங்கிருந்து வந்தன? நல்ல கல்லுக்குப் பேர்போன இடங்கள் இரண்டு. ஒன்று இங்கிலாந்தில் பிராண்டன்; அங்கே கல் கறுப்பு. மற்றொன்று பிரான்சில் ஷேர் நதிப் பக்கத்து மேன் என்ற கிராமம். அங்கே கல் தேன் நிறம். அந்தக் கல்லைத் தட்டி உடைத்தவர்கள் தூசியைச் சுவாசித்து நெஞ்சு நோயில் சிறு வயதிலேயே செத்தார்கள்.

மருந்தின் கதை நமக்கு இன்னும் நெருக்கம். அதில் முக்கால் பங்கு வெடியுப்பு. உலகிலேயே நல்ல வெடியுப்பு பீகார் மண்ணில் கிடைத்தது. அதை வாங்கப் பிரெஞ்சுக்காரர்களும் பாட்னாவில் கிடங்கு வைத்திருந்தார்கள். 1757-இல் ஆங்கிலேயர் சந்திரநாகூரைப் பிடித்தார்கள். நம் புதுச்சேரி 1761 ஜனவரியில் விழுந்தது. வங்காள வெடியுப்பு ஆங்கிலேயர் கைக்குப் போனது. பிரான்சு திணறியது. 1775-இல் வெடிமருந்து நிர்வாகத்தைச் சீர்படுத்த அமர்த்தப்பட்டவர்களில் ஒருவர் விஞ்ஞானி லவுவாசியே. அவரிடம் தொழில் கற்ற ஓர் இளைஞர் பிரெஞ்சுப் புரட்சிக்குப் பின் அமெரிக்கா போய், 1802-இல் டெலாவேர் மாநிலத்தில் மருந்து ஆலை தொடங்கினார். அவர்தான் எலுத்தேர் இரேனே த்யுபோன். இன்றும் அவர் பெயரில் பெரிய நிறுவனம் இருக்கிறது. அந்த ஆலைக்கும் வெடியுப்பு கல்கத்தாவிலிருந்து கப்பலேறிப் போயிற்று.

மலையில் யார் துணையும் இல்லாமல் தன்னந்தனியாக வாழ்ந்தவன் என்றுதான் அமெரிக்கர்கள் இந்த வேட்டைக்காரனைப் புகழ்கிறார்கள். அவனுடைய பையைக் கவிழ்த்துக் கொட்டினால் பிரான்சின் கல், பீகாரின் உப்பு, மிசூரிச் சுரங்கத்தின் ஈயம், செவ்விந்தியப் பெண்ணின் தையல் எல்லாம் விழுகின்றன.

அந்தப் பை இல்லாமல் போனால் என்ன ஆகும்? இரண்டு பேர் கதை இருக்கிறது.

ஜான் கோல்ட்டர் என்பவரை 1808 வாக்கில் பிளாக்ஃபூட் இனத்தவர் பிடித்தார்கள். கூட வந்தவர் கொல்லப்பட்டார். கோல்ட்டரைத் துணிகூட இல்லாமல் உரித்து, ஓடச் சொல்லித் துரத்தினார்கள். சப்பாத்திக்கள்ளி முள் நிறைந்த வெளியில் வெறுங்காலோடு ஓடி, ஆற்றில் மிதந்த மரக் குவியலுக்கு அடியில் ஒளிந்து தப்பினார். பிறகு நாள் கணக்கில் கிழங்கு தின்றுகொண்டு மனுவேல் லிசாவின் கோட்டைக்கு நடந்தே போய்ச் சேர்ந்தார். இரண்டு சென்ட் ஊசியும் ஒரு தோல் துண்டும் அந்த நடையில் அவருக்கு என்ன மதிப்பு பெற்றிருக்கும்!

மற்றவர் ஹியூ கிளாஸ். 1823-இல் கரடி அவரைக் குதறிப் போட்டது. பிழைக்க மாட்டார் என்று, சாகும்வரை கூட இருக்க இருவரை விட்டுவிட்டு மற்றவர்கள் போனார்கள். அந்த இருவரும் பயந்துபோய் அவருடைய துப்பாக்கியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார்கள். அவரோ சாகவில்லை. தவழ்ந்தும் நடந்தும் இருநூறு மைலுக்கு மேல் கடந்து மிசூரி நதிக் கோட்டையை அடைந்தார்.

இந்தக் கதையை அக்காலத்தவர்கள் பலவிதமாக எழுதியிருக்கிறார்கள். கத்தியும் கல்லும்கூடப் போய்விட்டன என்கிறது ஒன்று. குண்டுப் பையில் கத்தியும் நெருப்புக் கல்லும் இரும்பும் தங்கியிருந்ததைக் கண்டு, தான் பெரிய பணக்காரன் என்று நினைத்துக்கொண்டார் என்கிறது இன்னொன்று. எது சரியானாலும், இப்படி எழுதியவர்கள் அந்த ஒரு விஷயத்தைக் குறிப்பிட மறக்கவில்லை. துப்பாக்கி போனதைப் போலவே, நாலு சென்ட் கல் இருந்ததா இல்லையா என்பதும் அவர்களுக்கு முக்கியமாக இருந்தது.

பின்னால் கேப் வந்தது. பொட்டுப் போன்ற சிறிய செப்புக் குல்லாய். மழையிலும் வெடிக்கும். ஆனால் சில பழைய ஆட்கள் கல் துப்பாக்கியை விடவில்லை. கேப் தீர்ந்தால் மலையில் வாங்க முடியாது. கல் என்றால் தரையில் பொறுக்கலாம் என்பது அவர்கள் நியாயம். அதற்குள் ஐரோப்பாவில் பட்டுத் தொப்பி வந்து பீவர் தொப்பியின் மவுசு குறைந்தது. ஆறுகளில் பீவரும் அருகிவிட்டது. 1840-இல் கடைசி ராந்தேவு நடந்து முடிந்தது.

நான் அலுவலகத்தில் பல ஆண்டுகள் இருப்புப் பதிவேடு எழுதியவன். மேசை, பீரோ எல்லாம் முதல் பக்கத்தில் வரும். கோப்புத் துளைக்கும் குத்தூசியும் வெள்ளை நூலும் கடைசிப் பக்கத்தில், சில்லறைச் சாமானோடு. ஒரு தணிக்கையின்போது மேசையைக் காணோம் என்று மூன்று மாதம் கடிதப் போக்குவரத்து நடந்தது. ஒரு காரியமும் நிற்கவில்லை. அதே ஆண்டு குத்தூசி தொலைந்த ஒரு நாள், ஓய்வூதியக் கோப்பைத் தைத்து அனுப்ப முடியாமல் ஒரு பெரியவரை மறுநாள் வரச் சொன்னோம். அவர் தள்ளாத வயதில் பஸ் ஏறி வந்தவர். அன்று அது எனக்குப் பெரிதாகத் தோன்றவில்லை. ஆஷ்லியின் பட்டியலில் டஜன் 25 சென்ட் என்ற வரியைப் படித்தபோது அந்தப் பெரியவரின் முகம்தான் வந்து நின்றது.