எதிரயனி உருவாதல்: ஒரு கருத்தின் வரலாறு

அலோக அணு ஒன்று எலக்ட்ரானை ஏற்று எதிர்மின்சுமை பெறும்போது எதிரயனி உருவாகிறது. ஃபுளூரின், குளோரின், புரோமின், அயோடின் ஆகிய ஹாலஜன்களின் வெளிக்கூட்டில் ஏழு எலக்ட்ரான்கள் உள்ளன. அவை ஓர் எலக்ட்ரானை ஏற்று ஃபுளூரைடு, குளோரைடு, புரோமைடு, அயோடைடு அயனிகளாகின்றன. ஆக்சிஜனும் கந்தகமும் இரண்டை ஏற்று ஆக்சைடும் சல்பைடும் ஆகின்றன. நைட்ரஜன் மூன்றை ஏற்று நைட்ரைடு ஆகிறது. வெளிக்கூட்டில் எட்டு எலக்ட்ரான்களை நிறைவுசெய்ய அணு விரும்புகிறது என்ற எண்ம விதியே இதற்குப் பள்ளிப் பாடங்கள் பொதுவாகக் கூறும் காரணம். ஆனால் இக்கருத்து வளர்ந்த வரலாற்றைப் பின்தொடர்ந்தால், அயனியாதலைத் தனி அணுவின் விருப்பமாகக் கொள்ள இடமில்லை. அது அணுவும் அதன் சூழலும் சேர்ந்த ஆற்றல் கணக்கின் விளைவு.

கார்ல் ஷீலே 1774இல் குளோரின் வாயுவைத் தயாரித்தார். அது ஒரு சேர்மமன்று, தனிமமே என்று 1810இல் ஹம்ப்ரி டேவி நிலைநாட்டினார். மின்னாற்பகுப்பை ஆராய்ந்த மைக்கேல் ஃபாரடே, மின்முனைகளை நோக்கி நகரும் துகள்களுக்கு 1834இல் அயனி என்ற பெயரை வழங்கினார். மின்னோட்டமே அவற்றைப் பிரித்தெடுக்கிறது என்பது அக்காலத்தவர் எண்ணம். நீரில் கரைந்த உப்பில், மின்சாரம் பாய்வதற்கு முன்பே அயனிகள் பிரிந்து கிடக்கின்றன என்று 1887இல் ஸ்வாந்தே அரேனியஸ் வாதிட்டார். குளோரின் நச்சு வாயு, சோடியம் நீரில் பட்டதும் கொதித்துச் சீறும் உலோகம். இவை இரண்டும் உப்புநீரில் அமைதியாக எப்படி இருக்க முடியும் என்று எதிர்ப்பு எழுந்தது. நியாயமான கேள்விதான். ஆனால் மின்சுமை பெற்ற குளோரைடும் மின்சுமையற்ற குளோரினும் பண்பில் முற்றிலும் வேறானவை என்பதே அதற்கான விடை. அரேனியஸுக்கு 1903இல் நோபல் பரிசு கிடைத்தது.

அந்த மின்சுமை எங்கிருந்து வருகிறது என்பதை விளக்க, 1897இல் ஜே. ஜே. தாம்சன் எலக்ட்ரானைக் கண்டறியும்வரை காத்திருக்க வேண்டியிருந்தது. 1904இல் ரிச்சர்ட் அபெக், தனிமங்களின் உயர்ந்த நேர், எதிர் இணைதிறன்களின் கூட்டுத்தொகை பெரும்பாலும் எட்டாக அமைவதைச் சுட்டிக்காட்டினார். 1916இல் வால்டர் கோசலும் கில்பர்ட் லூயிஸும் தனித்தனியே, மந்த வாயுக்களின் எலக்ட்ரான் அமைப்பை நிலைப்புத்தன்மையோடு இணைத்தனர். இதற்கிடையில் 1913இல் பிராக் தந்தையும் மகனும் எக்ஸ் கதிர்களால் சோடியம் குளோரைடு படிகத்தை ஆராய்ந்தனர். அதில் ஒவ்வொரு சோடியத்தைச் சுற்றியும் ஆறு குளோரின்கள் இருந்தன. தனி மூலக்கூறு என்று எதையும் பிரித்துக் காட்ட முடியவில்லை. இம்முடிவை ஏற்காமல் ஹென்றி ஆர்ம்ஸ்ட்ராங் 1927இல்கூட எதிர்த்து எழுதினார். எனினும் சான்று தெளிவாக இருந்தது: குளோரைடு அயனி தன்னைச் சூழ்ந்த எதிரினச் சுமைகளின் நடுவில்தான் நிலைபெறுகிறது.

சூழலின் பங்கை எண்களில் அளக்க 1919இல் மாக்ஸ் போர்னும் ஃபிரிட்ஸ் ஹேபரும் வழிவகுத்தனர். ஒரு மோல் சோடியம் அணுக்களிலிருந்து எலக்ட்ரானை அகற்ற 496 கிலோஜூல் தேவை. குளோரின் அணுக்கள் அதை ஏற்கும்போது வெளிப்படுவதோ 349 கிலோஜூல். அதாவது 147 கிலோஜூல் பற்றாக்குறை. மிக எளிதில் எலக்ட்ரானை இழக்கும் சீசியத்துக்குக்கூட 376 கிலோஜூல் வேண்டும். எனவே ஒன்றுக்கொன்று வெகுதொலைவில் நிற்கும் சோடியமும் குளோரினும் தாமாக எலக்ட்ரானைப் பரிமாறிக்கொள்வதில்லை. சோடியத்தை ஆவியாக்க 107, அரை மோல் குளோரின் பிணைப்பைப் பிரிக்க 121 கிலோஜூல் என்ற செலவுகளும் உண்டு. இவ்வளவையும் ஈடுகட்டுவது, அயனிகள் படிகமாகச் சேரும்போது வெளிப்படும் 787 கிலோஜூல் படிகக்கூடு ஆற்றலே. கூட்டிக் கழித்தால் சுமார் 411 கிலோஜூல் வெப்பம் மிஞ்சுகிறது. ஆய்வகத்தில் அளந்த மதிப்பும் அதுவே.

குளோரின் எலக்ட்ரானை ஏற்கும்போது ஆற்றல் வெளிப்படத்தானே செய்கிறது, அதுவே போதிய காரணம் ஆகாதா என்று கேட்கலாம். ஹாலஜன்களோடு நின்றுவிட்டால் இவ்வாதம் வலுவாகத் தோன்றும். ஆக்சிஜனிடம் வந்ததும் உடைந்துவிடும். ஆக்சிஜன் அணு முதல் எலக்ட்ரானை ஏற்கும்போது 141 கிலோஜூல் வெளிப்படுகிறது. ஏற்கெனவே எதிர்மின்சுமை கொண்ட அயனியில் இரண்டாவது எலக்ட்ரானைச் சேர்க்க 700 கிலோஜூலுக்கு மேல் செலவாகிறது. ஆகவே எட்டு எலக்ட்ரான்கள் நிறைந்திருந்தும் ஆக்சைடு அயனி வெற்றிடத்தில் தனியே நிலைக்காது. மெக்னீசியம் ஆக்சைடு படிகத்தில் அது உறுதியாக இருப்பதற்கு, ஏறத்தாழ 3,800 கிலோஜூல் படிகக்கூடு ஆற்றலே துணை. நீரிலோ அது உடனே ஹைட்ராக்சைடாக மாறிவிடுகிறது. ஃபுளூரினும் இதையே உணர்த்துகிறது. அதன் எலக்ட்ரான் நாட்டம், அதாவது எலக்ட்ரானை ஏற்கும்போது வெளிப்படும் ஆற்றல், 328 கிலோஜூல்; இது குளோரினைவிடக் குறைவு. சிறிய அணுவில் எலக்ட்ரான்கள் நெருங்கி ஒன்றையொன்று விலக்குவதே காரணம். அப்படியிருந்தும் ஃபுளூரினே மிக வலிய ஆக்சிஜனேற்றி. அதன் மூலக்கூறுப் பிணைப்பு 159 கிலோஜூலில் உடைகிறது, குளோரினுக்கு 242 வேண்டும். சிறிய ஃபுளூரைடு அயனியை நீரும் படிகமும் மிக இறுக்கமாகப் பிணைத்துக்கொள்கின்றன. அதனால்தான் ஃபுளூரினைத் தனித்துப் பிரிக்க, 1886இல் ஆன்றி முவாசான் மின்னாற்பகுப்பை நாட வேண்டியிருந்தது.

எண்ம விதி பயனற்றது என்று இதற்குப் பொருளில்லை. குளோரைடின் சுமை ஒன்று, சல்பைடின் சுமை இரண்டு என்று அது விரைவாகவும் பெரும்பாலும் சரியாகவும் முன்னுரைக்கிறது. தொடக்க மாணவருக்கு அத்தகைய துணை தேவை. ஆனால் முன்னுரைக்கும் விதி வேறு, காரணம் வேறு. நிறைந்த கூடு மீறமுடியாத இலக்கு அன்று என்பதை 1962இல் நீல் பார்ட்லெட் மந்த வாயுவான செனானிலிருந்து சேர்மம் ஆக்கிக் காட்டினார். எட்டு என்ற எண்ணைக் கற்பிக்கும் பாடம், அதை அடைய ஆகும் செலவையும் அச்செலவைப் படிகமும் நீரும் ஈடுகட்டும் விதத்தையும் சேர்த்தே கற்பிக்க வேண்டும்.