உப்பிய கல்லீரல் செல் ஏன் முழுதும் வற்றுவதில்லை?

நன்னீர் எலும்புமீனின் இரத்தச் செறிவு ஏறத்தாழ 300 மில்லிஆஸ்மோல். அது நீந்தும் நீரின் செறிவு இதில் இருபதில் ஒரு பங்குகூட இராது. இந்த இடைவெளியின் சுமையைச் செவுளும் சிறுநீரகமும் தாங்கிக்கொள்ள, கல்லீரல் செல் ஆற்றுநீரை நேரில் சந்திப்பதேயில்லை. இருந்தும், கனஅளவைத் திருத்திக்கொள்ளும் விரிவான கருவிகள் அதனிடம் உள்ளன. அவை திடீர் அதிர்ச்சிக்கு எதிரான காப்பு என்பது வழக்கமான விளக்கம். காப்பு என்பதைவிட, வளர்சிதை மாற்றத்தை இயக்கும் சைகையின் ஒரு பகுதி என்று அவற்றைக் கொள்வதே சான்றுகளோடு கூடுதலாகப் பொருந்துகிறது.

அடிப்படை நிகழ்வில் கருத்து வேறுபாடு இல்லை. வானவில் டிரவுட் மீனின் கல்லீரல் செல்களைப் பிரித்தெடுத்து நீர்த்த கரைசலில் இட்டால் அவை சட்டென உப்பும். பிறகு பொட்டாசியத்தையும் குளோரைடையும் வெளியேற்றும். நீரும் அவற்றைத் தொடர, செல் மெல்லச் சுருங்கும். பியான்கினியும் உடன் ஆய்வாளர்களும் 1988இல் இந்த அயனிப் பாய்வுகளை அளந்தார்கள். கடல்வாழ் குருத்தெலும்பு மீனான ஸ்கேட்டில் கதை சற்று வேறு. அதன் உடற்பாய்மம் கடல்நீரின் செறிவையே ஒட்டியிருக்கிறது. செல்லுக்குள் யூரியா, டிரைமெத்திலமைன் ஆக்சைடு, டாரின் ஆகியவை நிறைந்துள்ளன. ஸ்கேட்டின் கல்லீரல் செல் உப்பும்போது டாரின் வெளியேறுகிறது என்று பலடோரியும் பாயரும் காட்டினர். செல்லுக்கு ஆற்றல் தரும் ஏடிபி உள்ளே குறைந்தால் இந்த வெளியேற்றமும் தளர்ந்துவிடுகிறது. வெறும் கசிவு என்றால் செலவு எதற்கு?

ஏடிபிக்கு இன்னொரு முகமும் உண்டு. டிரவுட் செல்களுக்கு வெளியே ஏடிபியைச் சேர்த்தால் அவை மீள்வது விரைவுபடுகிறது. அதைச் சிதைக்கும் அபிரேஸ் நொதியை இட்டால் தடைபடுகிறது. ஷ்வார்ட்ஸ்பாம் குழுவினர் 2004இல் இதை வெளியிட்டனர். எனக்கு இதில் தோன்றும் ஐயம் முறையியல் சார்ந்தது. தனித்தனியாக மிதக்கும் செல் வெளியிடும் ஏடிபி, சுற்றியுள்ள கரைசலில் கரைந்து நீர்த்துப்போகும். இழையமாக இருக்கையில் அது பக்கத்துச் செல்லை எட்டும். ஆகவே தனிச்செல் ஆய்வுகள் தரும் மீட்சி வேகத்தை உறுப்பின் வேகமாகக் கொள்வது தவறாகலாம்.

முழு உறுப்பில் என்ன நடக்கிறது என்பதற்கு ஷில்லாங்கில் நிர்மலேந்து சாகா குழுவினர் செய்த பணி முக்கியமானது. அவர்கள் எடுத்துக்கொண்டவை, வங்கத்திலும் அசாமிலும் மாகூர் எனப்படும் நடக்கும் கெளுத்தியும், நம்மூர்த் தேளியும். கல்லீரலினூடே செலுத்திய கரைசலின் செறிவை 80 மில்லிஆஸ்மோல் குறைத்தபோது மாகூர்க் கல்லீரல் எடை கூடியது, பொட்டாசியம் வெளியேறியது, எடை மீண்டும் இறங்கியது. ஆனால் பழைய நிலைக்கு முழுதாக இறங்கவில்லை. காப்பு மட்டுமே நோக்கமென்றால் இந்த மிச்சத்தைக் கருவியின் குறைபாடு என்றே எண்ண வேண்டியிருக்கும். ஆனால் உப்பிய மாகூர்ச் செல்களில் புரதத் தொகுப்பு கூடுகிறது, சுருங்கியவற்றில் குறைகிறது. எலிக் கல்லீரலை வைத்து ஹாய்சிங்கர் முன்வைத்த கருத்தும் இதுவே: உப்பல் ஆக்க வினைகளையும், சுருக்கம் சிதைவு வினைகளையும் தூண்டுகிறது. மீட்சி முழுமையாகிவிட்டால் சொல்வதற்குச் செய்தியே மிஞ்சாது.

இதற்கு வலுவான மறுப்பு ஒன்று உண்டு. இரத்தச் செறிவு சில நிமிடங்களில் 80 மில்லிஆஸ்மோல் சரிவதை இயற்கையில் எந்த மீனும் சந்திப்பதில்லை. ஆய்வகத்தின் அதிர்ச்சி செயற்கையானது. மறுப்பு சரிதான். ஆனால் அது காப்பு விளக்கத்தைத்தான் கூடுதலாகப் பாதிக்கிறது. இரை செரித்தபின் குடலிலிருந்து வரும் அமினோ அமிலங்கள் சோடியத்தோடு சேர்ந்து செல்லுக்குள் நுழைகின்றன, நீரும் கூடவே புகுகிறது. வெளிச்செறிவு மாறாமலேயே செல் உப்புகிறது. அன்றாட உப்பல் இந்த வகையானதே. இதே கருவிகள் பெரும்பாலும் ஈடுகொடுப்பது சாப்பாட்டுக்கு என்று கருத இடமிருக்கிறது.

தேளியைப் பொறுத்தவரை எனக்குத் தயக்கம் உண்டு. கோடையில் குளம் வற்றும்போது சேற்றில் புதையும் அந்த மீனுக்கு நீரிழப்பு உண்மையான ஆபத்து. மானிட்டால் கரைத்த செறிவான நீரில் வைத்த தேளிகளில் குளுக்கோஸ் புத்தாக்கம் தூண்டப்படுவதாக 2013இல் சாகா குழுவினர் அறிவித்தனர். சுருக்கம் சிதைவைத் தூண்டும் என்ற விதிக்கு இது இசைகிறது. ஆனால் முழு மீனைச் செறிநீரில் விட்டால் கார்டிசோலும் உயரக்கூடும், அது தனித்தே குளுக்கோஸ் ஆக்கத்தைத் தூண்டவல்லது. இவ்விரண்டையும் பிரிக்க, கார்டிசோல் ஏற்பியைத் தடுத்துவிட்டு, செறிவை நிமிடங்களில் அல்லாமல் மணிக்கணக்கில் உயர்த்தி, செல்லின் நீரளவையும் நொதிகளையும் ஒரே வேளையில் அளக்க வேண்டும்.