சாலைக்கு முன்னே ஒரு கணக்கெடுப்பு



சென்ற பள்ளி விடுமுறையில் மாணவர் சிலரை அழைத்துக்கொண்டு லோர்னி நெடுஞ்சாலை வழியே சென்றேன். "இங்கே முன்பு என்ன இருந்தது சார்?" என்றான் ஒருவன். கல்லறைகள் இருந்தன என்றதும் பேருந்தில் பேய்க்கதை தொடங்கிவிட்டது. நான் சொல்ல நினைத்த கதை வேறு. அதனை இங்கே எழுதுகிறேன்.

1843ஆம் ஆண்டு சிங்கப்பூர் ஆற்றின் முகத்துவாரத்தில் ஏறத்தாழ 3 மீட்டர் உயரமுள்ள ஒரு பாறை நின்றது. அதில் ஐம்பது வரிகளளவு பழைய எழுத்துகள் இருந்தன. கட்டுமானப் பணிக்கு இடையூறென்று அதனை வெடிவைத்துத் தகர்த்தார்கள். அதற்குமுன் எழுத்துகளை முழுமையாகப் படியெடுத்தார் இல்லை. ஜேம்ஸ் லோ என்னும் அதிகாரி சில துண்டுகளைப் பொறுக்கிக் கல்கத்தாவுக்கு அனுப்பினார். எஞ்சிய ஒரு துண்டு கருவூலத் தாழ்வாரத்தில் சிப்பாய்களுக்கு இருக்கையாயிற்று. ஆளுநர் பட்டர்வொர்த் அதனைக் கண்டெடுத்தபோது எழுத்துகள் பெரும்பாலும் தேய்ந்துபோயிருந்தன. உட்கார்ந்தே அழித்துவிட்டார்கள்!

கல்கத்தா சென்றவற்றுள் ஒன்று 1918இல் திரும்பி வந்தது. இன்று அது தேசிய அரும்பொருளகத்தில் இருக்கிறது. 2019இல் ஆய்வாளர் இயன் சின்கிளேர் அதில் 'கேசரிவ' என்று வாசித்து, சோழ மன்னரின் 'பரகேசரிவர்மன்' என்னும் பட்டத்தின் பகுதியாக அது இருக்கலாம் என்றார். முடிந்த முடிபன்று. முழுப் பாறையும் இருந்திருந்தால் ஐயத்திற்கு இடமிருந்திராது என்று எண்ணும்போது தமிழாசிரியனாகிய எனக்கு வயிறு எரிகிறது.

இனி லோர்னி சாலைக்கு வருவோம். புக்கிட் பிரவுன் இடுகாடு 1922இல் திறக்கப்பட்டு 1973இல் மூடப்பட்டது. ஏறத்தாழ ஒரு லட்சம் சீனக் கல்லறைகள். அதன் ஊடே எட்டுத் தட சாலை அமையும் என்று 2011இல் அறிவிக்கப்பட்டது. இம்முறை வெடிமருந்துக்கு முன்னே குறிப்பேடு வந்தது. மானுடவியலாளர் ஹுய் யூ ஃபூங் தலைமையிலான குழு, பாதிக்கப்படும் 3,700க்கும் மேற்பட்ட கல்லறைகளைப் பதிவுசெய்தது. இடுகாட்டுக் கல் ஒன்றில் பெயர் மட்டுமா இருக்கிறது? இறந்தவரின் பூர்வீக ஊர், பிள்ளைகளின் பெயர், நாள் என ஒரு குடும்பத்தின் வரலாறே இருக்கிறது. தோண்டியெடுக்கும்போது நிகழ்ந்த சடங்குகளையும் குழுவினர் பதிவுசெய்தனர். பள்ளத்தாக்கில் ஓடையும் விலங்குகளின் வழியும் தடைபடாதிருக்கச் சாலையின் ஒரு பகுதி, ஏறத்தாழ 600 மீட்டர், பாலமாகவே கட்டப்பட்டது. 2018இல் போக்குவரத்து தொடங்கியது.

ஆயினும் ஒன்று நெருடுகிறது. பதிவுப் பணி தொடங்கியபோதே சாலை போடுவதென்று முடிவாகியிருந்தது. ஆய்வின் பயனைக் கண்டு தீர்மானிப்பது ஒன்று. தீர்மானித்துவிட்டு ஆய்வது மற்றொன்று. முன்னது மருத்துவரின் பரிசோதனை, பின்னது இறப்புச் சான்றிதழ். ஆனால் 1843இல் அச்சான்றிதழ்கூட இல்லையே என்பதையும் ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

அவ்விடுகாட்டில் சீனச் செல்வர் சிலரின் கல்லறைகளுக்குத் தலைப்பாகையணிந்த சீக்கியக் காவலர் சிலைகள் காவல் நிற்கும் செய்தியையும் மாணவர்களிடம் சொன்னேன். சீனர் வீட்டு வாயிலில் சீக்கியர் காவல் நின்ற காலத்தின் சாட்சி அது. திரும்பும் வழியில் பேய்ப் பேச்சு எழவில்லை. "அந்தக் காவல்காரர் சிலையெல்லாம் இன்னும் இருக்கா சார்?" என்று மட்டும் ஒரு மாணவி கேட்டாள். இருக்கின்றன, சாலைக்கு அப்பால், மரங்களுக்கிடையே.