வினைச்சொல் இல்லா வருணனை: குறுஞ்சிறகு வண்டினங்களை விவரித்த மொழியின் வரலாறு

ஓர் உயிரினம் காட்டில் எத்தனை காலம் வாழ்ந்திருந்தாலும், அறிவியல் ஏட்டில் அது தோன்றுவது சொற்களின் வழியாகவே. விலங்கியல் பெயரீட்டுக்கான பன்னாட்டு விதித்தொகுப்பு இதனை வெளிப்படையாகவே கூறுகிறது. 1930ஆம் ஆண்டுக்குப் பின்னர் வெளியிடப்படும் புதிய பெயர் செல்லுபடியாக வேண்டுமாயின், அவ்வினத்தைப் பிறவற்றினின்று பிரித்துக் காட்டும் பண்புகள் சொற்களால் உரைக்கப்பட வேண்டும். எவ்வளவு துல்லியமான படமும் தனித்து நின்று போதாது. ஆகவே புதிய இனத்தின் வருணனை என்பது உயிரியல் ஆவணமாக மட்டுமன்றி, தனக்கெனத் தொடரமைப்பும் சொற்றொகுதியும் கொண்ட ஒரு மொழிவகையாகவும் அமைகிறது. வெப்பமண்டல மழைக்காடுகளின் ஸ்டாஃபிலினிடே குடும்ப வண்டுகளைச் சான்றாகக் கொண்டு, அம்மொழிவகை உருவாகி மாறிய வரலாற்றையும் அது மொழிபெயர்ப்பாளர்க்கு எழுப்பும் சிக்கல்களையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

1. பெயரும் பார்வையும்

இவ்வண்டுகளின் முன்சிறகுகள் மிகக் குறுகியவை. அவற்றின் அடியில் பின்சிறகுகள் மடிந்து கிடக்க, வயிற்றின் பெரும்பகுதி மூடப்படாமல் நீண்டு நிற்கும். இன்று அறியப்பட்டுள்ள இனங்கள் அறுபதாயிரத்துக்கும் மேற்பட்டவை. ஒரே விலங்கை நோக்கிய மொழிகள் வெவ்வேறு பண்பைப் பற்றிக்கொண்டன. ஆங்கிலம் அதன் அலைந்து திரியும் இயல்பைக் கண்டு ‘ரோவ்’ வண்டு என்றது. செருமன் மொழி சிறகின் குறுமையைக் கண்டு ‘குர்ட்ஸ்ஃப்ளூக்லர்’ என்றது. டச்சு மொழி குறுங்கேடய வண்டு என்னும் பொருளில் பெயரிட்டது. லின்னேயஸ் 1758இல் வழங்கிய ‘ஸ்டாஃபிலினஸ்’ என்பதோ அரிஸ்டாட்டில் ஏதோ ஒரு பூச்சியைச் சுட்ட ஆண்ட பழைய கிரேக்கச் சொல். தமிழில் ‘குறுஞ்சிறகு வண்டு’ என்பது வடிவத்தை உடனே உணர்த்துவதால் இக்கட்டுரையில் அதுவே ஆளப்படுகிறது.

2. இலத்தீன் வருணனையின் கட்டமைப்பு

லின்னேயஸ் வகுத்த வருணனை நடை வினைச்சொல்லை ஏறத்தாழ முற்றிலும் விலக்கியது. பெயரும் பெயரடையுமே அதன் உறுப்புகள். முழு உடலின் பண்பு எழுவாய் வேற்றுமையில் நிற்கும். உறுப்புகளின் பண்பு நீக்க வேற்றுமையில் தொடரும். ‘கரியது, உணர்கொம்புகளால் சிவந்தது’ என்பது போன்ற அமைப்பு அது. இடம் கூறும் இறுதிப் பகுதியில் மட்டும் ஒரு வினைமுற்று வரும்: ‘ஹாபிடாட்’, அதாவது ‘வாழ்கிறது’. அந்த ஒற்றை வினையே பிற்காலத்தில் ஆங்கிலத்தில் பெயர்ச்சொல்லாகி, ‘வாழிடம்’ எனும் பொருளில் நிலைபெற்றது. உயிரின் செயல் அனைத்தையும் விலக்கிய நடையில் எஞ்சிய ஒரே செயற்சொல்லும் இடப்பெயராக உறைந்துபோனது கருதத்தக்கது.

எரிக்சன் 1839–40இல் வெளியிட்ட குறுஞ்சிறகு வண்டுகளின் பேரினங்களும் இனங்களும் பற்றிய நூல் முழுவதும் இலத்தீனில் அமைந்தது. இத்தகைய நூல்களால் சொற்றொகுதி இறுகியது. மேற்பரப்பின் புள்ளிக் குழிகள் நெருக்கமானவையா, அருகியவையா, ஆழமானவையா, நுண்ணியவையா என்பதற்கெல்லாம் தனித்தனிச் சொற்கள் வரையறையாயின.

3. அமேசானும் ஷார்ப்பும்

ஹென்றி வால்டர் பேட்ஸ் 1848 முதல் 1859 வரை அமேசான் காடுகளில் பூச்சிகளைத் திரட்டினார். எகா (இன்றைய டெஃபே), டப்பஜோஸ் ஆற்றுப்பகுதி ஆகியவை அவர் நெடுங்காலம் தங்கித் திரட்டிய இடங்கள். அவர் கொணர்ந்த குறுஞ்சிறகு வண்டுகளைப் பின்னர் விவரித்தவர் டேவிட் ஷார்ப். 1876இல் இலண்டன் பூச்சியியல் கழக இதழில் வெளிவந்த அவர்தம் ஆய்வு ஏறத்தாழ நானூறு பக்கங்கள் கொண்டது. ஷார்ப் அக்காட்டைக் கண்டவரல்லர். ஊசியில் குத்தி உலர்ந்த உடல்களே அவர் முன் இருந்தன.

அவர் நடை இருமொழி நடை. ஒவ்வோர் இனத்துக்கும் முதலில் சுருங்கிய இலத்தீன் வரையறை. அடுத்து விரிந்த ஆங்கில விளக்கம். இலத்தீன் பகுதி இனத்தைப் பிரித்துக் காட்டியது. ஐயம், ஒப்பீடு, மாதிரிகளுக்கிடையேயான வேறுபாடு ஆகியவை ஆங்கிலப் பகுதிக்கு உரியவாயின. முடிவுக்கு ஒரு மொழி, தயக்கத்துக்கு ஒரு மொழி என்னும் பங்கீடு இங்கே உருவாயிற்று எனலாம்.

1912இல் ஷார்ப், மியூர் என்பாருடன் இணைந்து வண்டுகளின் ஆண் இனப்பெருக்க உறுப்புகளை ஒப்பிட்டு ஆராய்ந்து வெளியிட்டார். நிறமும் புள்ளிக் குழிகளும் பிரித்துக் காட்ட இயலாத இனங்களை அவ்வுறுப்பின் வடிவம் பிரித்துக் காட்டும் என்பது படிப்படியாகத் தெளிவாயிற்று. வெளித்தோற்றச் சொற்களால் நூற்றுக்கணக்கான இனங்களை நிறுவியவரே அச்சொற்களின் போதாமையை உணர்த்தும் ஆய்வுக்கும் வழிவகுத்தார்.

4. மொழிகளின் பெருக்கம்

தாவரவியலில் புதிய இனங்களுக்கு இலத்தீன் வருணனை 1935 முதல் 2011 முடிய கட்டாயமாக இருந்தது. விலங்கியலில் அத்தகைய கட்டாயம் ஏற்படவில்லை. எனவே இருபதாம் நூற்றாண்டில் ஆஸ்திரியரான பெர்ன்ஹவர் ஆயிரக்கணக்கான இனங்களைச் செருமன் மொழியில் விவரித்தார். மால்கம் கேமரன் பிரித்தானிய இந்திய விலங்குத் தொகை வரிசையில் 1930 முதல் 1939 வரை ஆங்கிலத்தில் எழுதினார். ஆப்பிரிக்க இனங்கள் பல பிரெஞ்சு மொழியில் பதிவாயின.

இதன் விளைவு நடைமுறை சார்ந்தது. இன்று மழைக்காட்டில் கிடைத்த ஒரு வண்டு புதியதெனக் கூறுமுன், ஆய்வாளர் இந்நான்கு மொழி வருணனைகளையும் ஒப்பிட்டாக வேண்டும். ஒரு சொல்லைத் தவறாகப் பெயர்த்தால், முன்னரே பெயர் பெற்ற வண்டு இரண்டாம் பெயர் பெறும். அல்லது உண்மையில் புதிய இனம் பழைய பெயரில் மறைந்துபோகும். ‘சுப்டிலியுஸ்’ என்னும் இலத்தீன் ஒப்பீட்டு வடிவம் இதற்கு நல்ல சான்று. ஒப்புப்பொருள் இல்லாதபோது அது பெரும்பாலும் ‘சற்றே நுண்ணிதாக’ எனும் பொருள் தரும். அதனை ‘மேலும் நுண்ணிதாக’ எனப் பெயர்ப்பவர், மூலத்தில் இல்லாத வேறோர் இனத்துடன் ஒப்பீட்டைக் கற்பித்துவிடுகிறார். இத்தகைய ஐயங்களைத் தீர்க்க இறுதியில் மூல மாதிரியையே நாட வேண்டியுள்ளது. 1999க்குப் பிந்திய புதிய இனங்களுக்குப் பெயர்தாங்கும் மாதிரியை வெளிப்படையாகச் சுட்டுவதும் விதியாகிவிட்டது.

5. தமிழில் வருணனை

தமிழ்ப் பாடநூல் நடை இத்தகைய இடங்களில் ‘தலை கருப்பு நிறமாகக் காணப்படுகிறது’ என்றே பெரும்பாலும் எழுதுகிறது. வருணனை நீள்கிறது, செறிவு குலைகிறது. ஆயின் தமிழிலக்கணம் குறிப்பு வினைமுற்று என்னும் கருவியைப் பண்டே விளக்கியுள்ளது. ‘தலை கரியது, வயிறு நெடியது, சிறகு குறியது’ எனும்போது காலங்காட்டும் வினையின்றியே தொடர் முற்றுப்பெறுகிறது.

உறுப்பின் பண்பை முழுமையின் மேல் ஏற்றும் வழக்கும் தமிழுக்குப் புதிதன்று. ‘கண் நல்லள்’ என்பதில் நன்மை கண்ணுக்கு உரியதாயினும் முற்று பெண்ணைத் தழுவுகிறது. உரையாசிரியர்கள் விளக்கிய இவ்வமைப்பு இலத்தீன் நீக்க வேற்றுமைத் தொடருக்கு மிக நெருங்கியது. ‘கால்கள் சிறியன’ என்பது கால்களைப் பற்றிய கூற்று. ‘இவ்வண்டு கால் சிறியது’ என்பது வண்டைப் பற்றிய கூற்று. வருணனைக்கு வேண்டுவது பின்னதே. எனினும் இக்கருவியால் எல்லாச் சிக்கலும் தீராது. புள்ளிக் குழிகளின் அடர்த்தி, பரப்பின் மங்கிய ஒளிர்வு போன்றவற்றின் படிநிலைகளுக்கு வரையறுத்த சொற்களைத் தமிழ் இனிமேல்தான் நிலைநிறுத்த வேண்டும்.

முடிவுரை

பெயர் இலத்தீன் எழுத்துகளில் அமைய வேண்டும் என்பதே விதி. அச்சொல் எந்த மொழியிலிருந்தும் பிறக்கலாம். வருணனை எம்மொழியில் அமைய வேண்டும் என்பதற்குக் கட்டாயம் இல்லை. பரவலாக வழங்கும் மொழியில் எழுதுமாறு பரிந்துரை மட்டுமே உண்டு. ஆகவே தமிழில் எழுதப்பட்ட வருணனை ஒரு புதிய இனத்தை நிறுவுவதற்கு விதி தடையாக நிற்கவில்லை. தடையாக நிற்பது சொற்களின் நிலைபேறின்மையே. ஒரு சொல் எல்லா ஏட்டிலும் ஒரே பொருளில் வழங்கும்போதுதான், ஒருவர் விவரித்த வண்டினத்தை அவரைக் காணாத மற்றொருவர் நூறாண்டு கழிந்தும் இனங்காண இயலும். இலத்தீன் இரண்டு நூற்றாண்டுகளில் ஈட்டிய நம்பிக்கை அதுவே. அதனைத் தமிழுக்கு ஈட்டித் தருவது உயிரியலாரும் மொழியியலாரும் மொழிபெயர்ப்பாளரும் ஒருங்கே ஏற்க வேண்டிய பணியாகும்.