உடல் மெலிவிக்கும் மருந்துகள்: ஒரு நூற்றாண்டு புகட்டும் பாடம்

மருந்து எதுவாயினும் அதற்கு இரண்டு வரலாறுகள் உண்டு. எந்த நோயைத் தணித்தது என்பது ஒன்று. தணிக்கும்போது உடலுக்கு வேறு என்ன செய்தது என்பது மற்றையது. முதலாவதை விளம்பரங்கள் உரத்துச் சொல்கின்றன. இரண்டாவதை நாமே தேடி அறியவேண்டியுள்ளது. அண்மைய ஆண்டுகளில் நாம் வாழும் நாடுகளெங்கும் பேசப்படும் உடல் எடை குறைக்கும் ஊசிமருந்துகளைப் பொறுத்தவரை, இந்த இரண்டாவது வரலாற்றை அறிந்திருப்பது எமக்கு மிகவும் அவசியமாகும்.

ஏனெனில் இது எமக்கு அயலவர் செய்தியன்று. கிலோகிராமிலுள்ள எடையை மீற்றரிலுள்ள உயரத்தின் வர்க்கத்தால் வகுத்துப் பெறுவது உடற்திணிவுச் சுட்டெண். ஐரோப்பியருக்கு இது 25ஐத் தாண்டினால் அதிக எடை எனவும், 30ஐத் தாண்டினால் உடற்பருமன் எனவும் கொள்வர். ஆசிய மக்களுக்கோ 23இலும் 27.5இலும் கவனம் தேவை என உலக சுகாதார நிறுவனத்தின் நிபுணர் குழு 2004இல் எடுத்துரைத்தது. குறைந்த எடையிலேயே நீரிழிவும் இதயநோயும் எம்மைப் பற்றிக்கொள்வதே இதற்குக் காரணம். ஆகவே இந்த ஊசிகள் எமது வீடுகளுக்குள்ளும் வந்துவிட்டமை வியப்புக்குரியதன்று. அவை மறைவாக வந்திருப்பதே கவலைக்குரியது.

வெடிமருந்திலிருந்து வந்த குளிசை

முதலாம் உலகப்போரின்போது பிரான்சின் வெடிமருந்துத் தொழிற்சாலைகளில் டைநைத்திரோபீனோல் என்னும் இரசாயனம் கையாளப்பட்டது. அங்கு வேலை செய்தோர் காய்ச்சலும் வியர்வையும் கண்டு மெலிந்தனர். சிலர் இறந்தனர். அவர்களை மெலிவித்த அதே நஞ்சை, 1933இல் அமெரிக்காவின் ஸ்ரான்போர்ட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மோரிஸ் ரெயின்ரர், வின்ட்சர் கற்றிங் ஆகிய ஆய்வாளர்கள் எடை குறைக்கும் மருந்தாக அறிமுகஞ் செய்தனர். அடுத்த ஆண்டிலேயே அமெரிக்காவில் ஓர் இலட்சம் பேராவது அதனை உட்கொண்டிருப்பர் என ரெயின்ரர் கணக்கிட்டார்.

இந்த இரசாயனம் உடலின் கலங்களில் உருவாகும் சக்தியை வீணே வெப்பமாக மாற்றிவிடுகிறது. அளவு சற்றுக் கூடினாலும் உடல் தாங்கமுடியாத வெப்பத்தால் மரணம் நேரும். இளம் பெண்கள் பலர் கண்புரையால் பார்வை இழந்தனர். 1938இல் அமெரிக்காவில் புதிய மருந்துச் சட்டம் நிறைவேறியதும் இம்மருந்து வழக்கொழிந்தது. ஆயினும் அண்மைக் காலத்திலும் இது களவாக விற்கப்பட்டு இளைஞர்கள் உயிரிழந்திருக்கிறார்கள். 2023 ஒக்ரோபரில் பிரித்தானியா இதனைக் கட்டுப்படுத்தப்பட்ட நஞ்சாக அறிவிக்கவேண்டியதாயிற்று.

ஐரோப்பா கண்ட துயரங்கள்

அதன்பின் அம்பெற்றமீன் வகை மருந்துகள் வந்தன. பசியை அடக்கிய அவை இதயத்தைப் பதறவைத்தன, நித்திரையைக் கெடுத்தன, பலரை அடிமைகளாக்கின. 1965இல் சுவிற்சர்லாந்து, ஒஸ்திரியா, மேற்கு ஜேர்மனி ஆகிய நாடுகளில் அமினோரெக்ஸ் என்ற பசியடக்கி விற்பனைக்கு வந்தது. சில ஆண்டுகளுள், சுவாசப்பைக்குக் குருதியைக் கொண்டுசெல்லும் நாடிகளில் அழுத்தம் ஏறி மூச்சுத் திணறிய நோயாளர் தொகை அந்நாடுகளில் திடீரெனப் பெருகியது. மருந்து மீளப்பெறப்பட்டது.

1997 ஓகஸ்டில் அமெரிக்காவின் மாயோ வைத்தியநிலையத்தைச் சேர்ந்தோர் 24 பெண்களைப் பற்றிய அறிக்கை ஒன்றை வெளியிட்டனர். பென்புளூரமின், பென்ரேமின் ஆகிய இரு பசியடக்கிகளையும் சேர்த்து உட்கொண்ட அப்பெண்களின் இதய வால்வுகள் பழுதடைந்திருந்தன. அடுத்த மாதமே பென்புளூரமின் சந்தையிலிருந்து அகற்றப்பட்டது.

பிரான்சில் வாழ்வோர் மெடியாத்தோர் விவகாரத்தை மறந்திருக்கமாட்டார்கள். பென்புளூரமினின் குடும்பத்தைச் சேர்ந்த இம்மருந்து 1976 முதல் எடை கூடிய நீரிழிவாளருக்கென விற்கப்பட்டது. மெலிய விரும்பிய ஏனையோருக்கும் அது தாராளமாக எழுதிக் கொடுக்கப்பட்டது. சுமார் 50 இலட்சம் பேர் உட்கொண்டனர். பிறெஸ்ட் நகரச் சுவாசநோய் வைத்தியர் இரேன் பிராஷோன் தம் நோயாளரின் பதிவேடுகளைத் துருவி ஆராய்ந்து, விடாது குரல் கொடுத்தார். அதன் விளைவாக 2009 நவெம்பரில் மருந்து நிறுத்தப்பட்டது. 2021 மார்ச்சில் பாரிஸ் நீதிமன்றம் அதனைத் தயாரித்த சேர்வியே நிறுவனத்தைக் குற்றவாளியாகக் கண்டது.

2006இல் ஐரோப்பாவில் அனுமதி பெற்ற றிமொனபான்ற் மனச்சோர்வையும் தற்கொலை எண்ணத்தையும் தூண்டியமையால் 2008இல் நிறுத்தப்பட்டது. இதயத்துக்குக் கேடு விளைத்த சிபுட்ரமின் 2010இல் அகன்றது. மெலிவிக்கும் மருந்தென்றாலே வைத்தியர்கள் ஐயுறும் நிலை இவ்வாறே உருவானது.

பல்லியின் நஞ்சும் படிமுறையும்

இன்றைய ஊசிகள் வேறு வழியால் வந்தவை. எமது குடல் உணவைக் கண்டதும் ஜீ.எல்.பி-1 என்னும் ஓமோனைச் சுரக்கிறது. அது சதையியை இன்சுலின் சுரக்கத் தூண்டுகிறது. இதனை 1987இல் பொஸ்ரன், கோப்பன்ஹேகன், லண்டன் ஆகிய நகரங்களின் ஆய்வாளர்கள் நிறுவினர். இரைப்பை மெதுவாக வெறுமையாவதும், மூளையில் "போதும்" என்ற உணர்வு எழுவதும் அந்த ஓமோனின் ஏனைய பணிகள் எனப் பின்னர் தெரியவந்தது. ஆனால் அது குருதியில் ஓரிரு நிமிடங்களிலேயே சிதைந்துவிடும். ஆகவே அப்படியே மருந்தாக்க இயலவில்லை.

1992இல் நியூயோர்க்கின் புறொங்ஸ் பகுதியில் முன்னாள் படையினருக்கான வைத்தியசாலையில் பணிபுரிந்த ஜோன் எங், கீலா என்னும் பல்லியின் நஞ்சில் இதை ஒத்த பொருளொன்றைக் கண்டார். எமது உடும்பை நினைவூட்டும் அப்பிராணி அமெரிக்காவின் வரண்ட நிலத்தில் வாழ்வது. அதன் நஞ்சிலிருந்த பொருள் எளிதிற் சிதையாதது. அதிலிருந்து உருவான எக்செனடைட் 2005இல் நீரிழிவுக்கான மருந்தாக அனுமதி பெற்றது. நாளுக்கு இரு தடவை ஏற்றவேண்டிய ஊசி அது. டென்மார்க்கின் நொவோ நோர்டிஸ்க் நிறுவனத்தில் லொற்றே பியேர் நுட்சென் தலைமையிலானோர் மனித ஓமோனுடன் கொழுப்பமிலம் ஒன்றை இணைத்து லிராகுளூடைட்டை ஆக்கினர். அது நாளுக்கு ஒரு தடவை போதுமானது. பின்வந்த செமாகுளூடைட் வாரத்துக்கு ஒரு தடவை போதுமானது. ஒசெம்பிக், வெகோவி என்ற பெயர்களால் நாம் அறிவது இதுவே. மவுஞ்சாரோ என விற்கப்படும் டிர்செபடைட் இரண்டு குடல் ஓமோன்களின் வேலையைச் செய்வது.

இங்கேதான் எமது கட்டுரையின் மையப்பொருள் வருகிறது. இந்த மருந்துகள் அனைத்தும் குமட்டலையும் வாந்தியையும் உண்டாக்கின. அதற்குக் கண்ட பரிகாரம் மற்றொரு மருந்தன்று, பொறுமையே. எக்செனடைட் முதல் மாதம் 5 மைக்ரோகிராமும் பின்னர் 10 மைக்ரோகிராமும் எனக் கொடுக்கப்பட்டது. எடை குறைக்கும் லிராகுளூடைட் 0.6 மில்லிகிராமில் தொடங்கி வாரந்தோறும் உயர்த்தப்பட்டு 3 மில்லிகிராமை அடைகிறது. வெகோவி 0.25 மில்லிகிராமில் தொடங்குகிறது. நான்கு வாரங்களுக்கு ஒருமுறை 0.5, 1, 1.7 எனப் படிப்படியாக ஏறி, 16 வாரங்களின் பின்னரே 2.4 மில்லிகிராமை எட்டுகிறது.

அந்த முதலாவது படி எடையைக் குறைப்பதற்கானதன்று, வயிறும் மூளையும் பழகுவதற்கானது. இதனை அறியாத பலர் "ஒரு மாதமாகியும் ஒன்றும் காணவில்லை" என்று தாமாகவே அளவைக் கூட்டிவிடுகின்றனர். பின்னர் ஓயாத வாந்தியுடன் அவசர சிகிச்சைப் பிரிவுக்குச் செல்கின்றனர்.

படிமுறையைப் பின்பற்றியோரிடம் நிகழ்ந்தது என்ன? 2021இல் வெளிவந்த ஆய்வொன்றில் 1,961 பேர் 68 வாரங்கள் கண்காணிக்கப்பட்டனர். செமாகுளூடைட் பெற்றோரின் எடை சராசரியாக 14.9 வீதம் குறைந்தது. போலி மருந்து பெற்றோருக்கு 2.4 வீதமே குறைந்தது. மருந்து பெற்றோரில் 44 வீதமானோர் குமட்டலால் வருந்தினர். ஆனால் வயிற்றுக் கோளாறுகளால் மருந்தைக் கைவிட்டோர் 4.5 வீதத்தினரே. பெரும்பாலானோரின் உபாதை மிதமானதாக இருந்து காலப்போக்கில் தணிந்தது.

வயிற்றோடு இணங்கி வாழ்தல்

இந்த வரலாற்றை அறிந்தால் உபாதைகளைக் கையாளும் முறையும் தானே விளங்கும். இரைப்பை மெதுவாக வேலை செய்கிறது. ஆகவே அதற்கு ஏற்றவாறு உண்ணவேண்டும். கோப்பை நிறையச் சோறும் எண்ணெய் மிதக்கும் பொரியலும் கொத்துரொட்டியும் அந்த இரைப்பையில் நெடுநேரம் கிடந்து குமட்டும். சிறிதளவாகப் பல தடவை, மெதுவாக மென்று உண்பதும், நிறைந்த உணர்வு தோன்றியதும் நிறுத்துவதும், உண்டவுடன் படுக்காதிருப்பதும் நன்று. விருந்துக்குப் போன இடத்தில் "இன்னும் கொஞ்சம்" என்ற வற்புறுத்தலை மறுப்பது எமக்குக் கடினமே. எனினும் மறுக்கப் பழகவேண்டும்.

மலச்சிக்கலுக்கு நீரும் கீரையும் பருப்பும் நடையும் உதவும். வாந்தியோ வயிற்றோட்டமோ தொடர்ந்தால் நீரைச் சிறுகச் சிறுகப் பருகவேண்டும். நீரிழப்பு சிறுநீரகத்தைப் பாதிக்கும். இழக்கும் எடையில் ஒரு பகுதி தசையாகவும் இருப்பதால், மீன், முட்டை, பயறு, கடலை போன்ற புரத உணவுகளைக் குறைக்காது, உடலுக்குப் பயிற்சியும் கொடுக்கவேண்டும். ஒரு படி தாங்கமுடியாதிருந்தால் அதே அளவில் மேலும் சில வாரங்கள் நிற்க வைத்தியர் ஆலோசனை கூறுவார். அது தோல்வியன்று.

வீட்டில் வைத்துக் காத்திருக்கக்கூடாத அறிகுறிகளும் உள. மேல்வயிற்றில் எழுந்து முதுகுவரை பரவி ஓயாதிருக்கும் கடும் வலி சதையி அழற்சியாகலாம். வலது விலாவின் கீழ் வலியும் கண் மஞ்சளாதலும் பித்தக்கற்களாகலாம். திடீரெனப் பார்வை குன்றினாலும் உடனே வைத்தியசாலைக்குச் செல்லவேண்டும். செமாகுளூடைட் மிக அரிதாகப் பார்வை நரம்பைப் பாதிக்கலாம் என ஐரோப்பிய மருந்து முகவரகம் 2025 யூனில் முடிவுசெய்தது. இன்சுலினோ கிளிக்ளசைட் போன்ற குளிசைகளோ எடுப்போருக்குக் குருதியில் சீனி ஆபத்தான அளவுக்கு இறங்கக்கூடும். எனவே அம்மருந்துகளின் அளவை வைத்தியர் மீளாய்வு செய்யவேண்டும். விரதம் இருப்போர் முன்கூட்டியே சொல்லிவைப்பது நன்று. கர்ப்பிணிகளுக்கு இம்மருந்து ஆகாது. கருத்தரிக்க எண்ணும் பெண்கள் செமாகுளூடைட்டை இரண்டு மாதங்களுக்கு முன்பே நிறுத்தவேண்டும். டிர்செபடைட் கருத்தடைக் குளிசையின் பலனையும் குறைக்கக்கூடும்.

மறைப்பதால் வரும் கேடு

எமது ஊரில் மெலிவு துன்பத்தின் அடையாளமாகவே கொள்ளப்பட்டது. நெடுநாளின் பின் கண்டவர் "மெலிந்துபோனீர்களே" என்றால் அதில் இரக்கம் இருக்கும். போரின்போது பட்டினியை அறிந்த தலைமுறைக்கு அந்த இரக்கத்தின் பொருள் நன்கு தெரியும். ஆகவே காசு கொடுத்து ஊசி ஏற்றி மெலிகிறோம் எனச் சொல்லப் பலருக்கு வெட்கம். கணவருக்குத் தெரியாமல் மனைவியும், பிள்ளைகளுக்குத் தெரியாமல் பெற்றோரும், குடும்ப வைத்தியருக்குத் தெரியாமல் இவர்கள் எல்லோரும் ஏற்றிக்கொள்கிறார்கள்.

இந்த மறைவு வெறும் வெட்கத்தோடு நின்றுவிடுவதில்லை. அறுவைச் சிகிச்சைக்குமுன் நெடுநேரம் உண்ணாதிருந்தும் இரைப்பையில் உணவு எஞ்சியிருந்து, மயக்கத்தின்போது சுவாசப்பைக்குள் செல்லும் அபாயம் உண்டு. மயக்கமருந்து கொடுக்கும் வைத்தியருக்கு இந்த ஊசியைப் பற்றிச் சொல்லாதிருப்பது உயிரோடு விளையாடுவதாகும். மறைவாக வாங்குவோர் எதை வாங்குகிறோம் என்பதையும் அறியார். 2023 ஒக்ரோபரில் ஒஸ்திரியாவில் போலி ஒசெம்பிக் ஏற்றியதாகக் கருதப்பட்ட சிலர் சீனி இறங்கி வைத்தியசாலையில் அனுமதிக்கப்பட்டனர். ஊசியினுள் இன்சுலின் இருந்திருக்கலாம் என ஐயுறப்பட்டது. 2024 யூனில் போலி செமாகுளூடைட் பற்றி உலக சுகாதார நிறுவனமே எச்சரிக்கை விடுத்தது.

மருந்தை நிறுத்தினால் என்ன நிகழும் என்பதையும் அறிந்தே தொடங்கவேண்டும். மேற்சொன்ன ஆய்வில் பங்குபற்றியோரில் ஒரு பகுதியினரைப் பின்தொடர்ந்தபோது, நிறுத்தி ஓராண்டினுள் இழந்த எடையில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு திரும்பிவந்தமை 2022இல் தெரியவந்தது. திருமணவீடு ஒன்றுக்காகச் சில மாதம் ஏற்றிவிட்டு விடக்கூடிய மருந்தன்று இது.

பின்னோக்கிப் பார்த்தால் ஒன்று தெளிவாகும். அந்த 24 பெண்களும் உட்கொண்ட மருந்துகளையும் அவர்களிடம் கண்டவற்றையும் வைத்தியர்கள் எழுதிவைத்தார்கள். பிறெஸ்ட் நகரத்து நோயாளர் தாம் உட்கொண்ட குளிசையின் பெயரை மறைக்கவில்லை. ஆகவே உண்மை வெளிவந்தது, பின்வந்தோர் காப்பாற்றப்பட்டனர். இன்று பிரித்தானியாவில் மஞ்சள் அட்டைத் திட்டம் மூலமும், ஐரோப்பிய ஒன்றிய நாடுகளில் அந்தந்த நாட்டு மருந்து அதிகாரசபைகள் மூலமும் நோயாளர் தாமாகவே பக்கவிளைவுகளை அறிவிக்கலாம். மொழி தடையாயின் வைத்தியரிடமோ மருந்துக்கடையிலோ மொழிபெயர்ப்பாளரைக் கேட்கலாம். ஊசியை ஏற்றுவதா விடுவதா என்பது அவரவர் முடிவு. ஆனால் ஏற்றுவோர், மருந்தின் பெயரையும் அளவையும் தொடங்கிய திகதியையும் ஒரு தாளில் எழுதித் தம் பணப்பையில் வைத்திருக்கவேண்டும், வீட்டில் ஒருவருக்காவது சொல்லிவைக்கவேண்டும் என்பதே எமது வேண்டுகோள்.