புதுவையின் சுவர்கள் சொல்லும் வரலாறு

புதுச்சேரிக்குச் செல்லும் நம்மவருள் பலர் திரு இருதய ஆண்டவர் பசிலிக்காவில் செபித்து, கடற்கரையில் சிறிது நேரம் காற்று வாங்கியபின் ஊர் திரும்பிவிடுகின்றனர். நாமும் பல ஆண்டுகள் அவ்வாறே செய்திருக்கிறோம். இம்முறை பங்கு நண்பர்கள் சிலருடன் ஒரு முழுப் பகலை அந்நகரின் பழைய வீதிகளில் நடந்தே கழிப்பதென்று முடிவு செய்தோம். கண்ணுக்கு இனியவற்றைக் காணவே புறப்பட்டோம். மாலையில் திரும்பும்போது நெஞ்சில் ஒரு பாரமும் உடன் வந்தது.

துய்மா வீதியிலுள்ள தூதர்களின் அன்னை ஆலயத்தில் காலைத் திருப்பலி கண்டு நடையைத் தொடங்கினோம். 1855இல் கட்டி முடிக்கப்பட்ட அவ்வாலயத்திலிருந்து வடக்கே நடந்தால், நூல் பிடித்தாற்போல் நேரான வீதிகள். 1693 முதல் 1699 வரை இவ்வூரைத் தம் கையில் வைத்திருந்த டச்சுக்காரர் வகுத்த ஒழுங்கு அது. இருபுறமும் உயர்ந்த மதில்கள், பெரிய மரக்கதவுகள், அவற்றின் பின்னே முற்றமும் தோட்டமும் சூழ்ந்த மாளிகைகள். இங்குள்ள பிரெஞ்சு மாளிகைகளில் தூப்ளே காலத்தைத் தேடுவது வீண். 1761இல் நகரைக் கைப்பற்றிய ஆங்கிலேயர் அதைத் தரைமட்டமாக்கினர். 1765இல் மீண்டும் பிரெஞ்சுக்காரர் வசமான பின், ஆளுநர் லா தெ லொரிஸ்தோன் காலத்தில் நகரம் புதிதாக எழுந்தது.

செயின்ட் லூயி வீதியிலுள்ள அருங்காட்சியகத்தில் வெகுநேரம் நின்றோம். அரிக்கமேட்டு மண்ணிலிருந்து கிடைத்த மணிகளும் ரோமானிய மதுச்சாடிகளின் துண்டுகளும் ஒருபுறம். சோழர் காலத்துச் செப்புத் திருமேனிகள் மறுபுறம். ஐரோப்பியரின் கப்பல்கள் வருவதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே இக்கரை கடல் வணிகம் கண்டது என்பதற்கு அவை சான்று. பிரெஞ்சுக் காலத்துப் பொருள்களுள் ‘புஸ் புஸ்’ என்னும் வண்டியும் உண்டு. உள்ளே அமர்ந்தவர் வண்டியைத் திருப்ப, ஏவலர் பின்னிருந்து தள்ளுவர். அமர்ந்தவரின் வசதி அந்த இருக்கையில் தெரிகிறது. தள்ளியவரின் வியர்வைக்கு எந்த அருங்காட்சியகத்தில் இடம் உண்டு?

மேற்கே நடந்து வாய்க்காலைக் கடந்தோம். வெள்ளையர் நகரம், கறுப்பர் நகரம் என்று ஊரை இரண்டாகப் பகுத்த எல்லை இது. கடந்தவுடன் வீடுகளின் முகமே மாறுகிறது. அங்கே மதில் வீதியைத் தடுத்து நின்றது. இங்கே தாழ்வாரமும் திண்ணையும் வீதியை வரவேற்கின்றன. வழிப்போக்கரும் அமர்ந்து இளைப்பாற இடம் விட்டுக் கட்டிய அம்மனப்பான்மையை எண்ணி மகிழ்ந்தோம். ஆயினும் எல்லாத் திண்ணைகளிலும் எல்லாரும் அமர முடிந்ததா என்று நண்பர் ஒருவர் மெல்லக் கேட்டபோது, நாம் விடை கூறவில்லை.

மிஷன் வீதியில் அமலோற்பவ அன்னை பேராலயம். புனித பவுலின் பெயரால் ‘சாம்பா கோயில்’ என்று மக்கள் அழைக்கும் இவ்விடத்தில் இயேசு சபையினர் எழுப்பிய முந்தைய ஆலயம் 1761இல் அழிந்தது. இன்றைய ஆலயம் 1791இல் அர்ச்சிக்கப்பெற்றது. தமிழுக்கும் கல்விக்கும் இம்மறைத்தளம் செய்த தொண்டு சிறிதன்று. அருட்தந்தையர் மூசேயும் துய்ப்புய்யும் உருவாக்கிய தமிழ் - பிரெஞ்சு அகராதி 1855 முதல் இங்கிருந்து வெளிவந்தது. அதே துய்ப்புய் அடிகள், பெண் கல்விக்கென அருட்சகோதரியர் சபையொன்றை 1844இல் நிறுவினார். பெருமிதத்துடன் செபித்து வெளியே வந்தோம்.

அப்பெருமிதத்தைச் சோதித்தது அடுத்து நாம் சென்ற இல்லம். பெரிய கடைத்தெருவின் அருகே, ரங்கப்பிள்ளை வீதியில், 1761இன் அழிவுக்குத் தப்பிய ஆனந்தரங்கப் பிள்ளையின் மாளிகை நிற்கிறது. கீழ்த்தளத்தில் செதுக்கிய மரத்தூண்களுடன் தமிழர் முற்றம். மேல்தளத்தில் பிரெஞ்சுப் பாணியில் சுண்ணத் தூண்கள். கிறிஸ்தவரான கனகராய முதலியார் 1746இல் இறந்தபின், 1747இல் தூப்ளேயின் தலைமைத் துபாசியானவர் பிள்ளை. 1736 முதல் 1761இல் தாம் இறக்கும் நாள்வரை அவர் எழுதிவந்த நாட்குறிப்பு, 1846இல் கண்டெடுக்கப்பட்டது. பிற்காலத்தில் ஆங்கிலத்தில் அது பன்னிரண்டு தொகுதிகளாயிற்று.

அதில் நம்மைப் பற்றி இரு செய்திகள் உண்டு. முதலாவது, 1745 அக்டோபரில் நிகழ்ந்தது. சாம்பா கோயிலுக்குள் தாழ்த்தப்பட்ட கிறிஸ்தவரை மற்றவரிடமிருந்து பிரிக்க ஒரு சுவர் இருந்தது. நாங்களும் சீடர்கள்தாமெனில் இவ்வேற்றுமை ஏன் என்று அம்மக்கள் குருவிடம் முறையிட்டனர், சுவர் இடிக்கப்பட்டது. சாதிக் கிறிஸ்தவரோ கொதித்தெழுந்தனர். இரண்டாவது, 1748 செப்டம்பரில் நிகழ்ந்தது. ஆங்கிலேயர் நகரை முற்றுகையிட்டிருந்த வேளையில், நம் ஆலயத்தை ஒட்டியிருந்த வேதபுரீசுவரர் கோயில் இடித்துத் தள்ளப்பட்டது. மக்கள் ஊரைவிட்டுப் போய்விடுவர் என்றஞ்சி முந்தைய ஆளுநர்கள் செய்யத் துணியாததை, போர்க்காலம் எளிதாக்கியது. அதனை வேண்டியவர்களுள் நம் குருக்களும் இருந்தனர்.

பிள்ளை நடுநிலையாளர் அல்லர். கிறிஸ்தவத் துபாசிகளுக்குப் போட்டியாளர். தாம் பணிபுரிந்த ஆளுநரைத் தடுக்க இயலாதவர். எனவே அவர் எழுத்தை எடைபோட்டே கொள்ள வேண்டும். ஆனால் எடைபோடுவது வேறு, கண்ணை மூடிக்கொள்வது வேறு. கோயில் இடிந்தது வரலாறு. ஆலயத்துள் சுவர் இருந்ததும் வரலாறு. ஒரே ஆலயத்தின் குருக்கள், தம் சொந்தச் சுவரை இடித்தபோது நற்செய்திக்குச் சான்றாயினர். மூன்றே ஆண்டுகளில் அயலாரின் வழிபாட்டிடம் இடிந்தபோது அந்நற்செய்திக்கே மாறாக நின்றனர். இரண்டையும் சேர்த்து ஏற்பதே நேர்மை.

வடக்கே ஈசுவரன் தர்மராஜா கோயில் வீதியில் எம் நடை முடிந்தது. 1908 முதல் 1918 வரை புதுவையில் வாழ்ந்த பாரதியாரின் நினைவில்லம் அங்குள்ளது. தாழ்த்தப்பட்ட குலத்தில் பிறந்த கனகலிங்கத்துக்கு அவர் பூணூல் அணிவித்ததும் இவ்வூரில்தான். சுவர்களை இடிக்கும் பணி நமக்கு மட்டும் உரியதன்று. அவ்வீதியின் அருகிலேயே, பின்னாளில் வேறிடத்தில் எழுந்த வேதபுரீசுவரர் கோயிலில் மாலைப் பூசைக்கு மணி ஒலித்தது. அதைக் கேட்டு நாம் சற்று நேரம் மௌனமாய் நின்றோம்.

2000 மார்ச் 12ஆம் நாள், திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் திருச்சபை மக்களின் பாவங்களுக்காக மன்னிப்பு வேண்டினார். பிற பண்பாடுகளையும் சமயங்களையும் மதிக்கத் தவறிய பாவமும் அவற்றுள் ஒன்று. உரோமையில் அறிக்கையிட்டதை நம் ஊர்த் தெருக்களில் நினைவுகூர நாம் தயங்கலாமா? அடுத்தமுறை புதுவை செல்வோர் பேராலயத்தில் மண்டியிடும்போது, காலடியில் மறைந்துபோன கோயிலையும் உள்ளே இடிக்கப்பட்ட சுவரையும் ஒருகணம் எண்ணிப் பார்க்கட்டும். நம் கல்லறைத் தோட்டங்களிலும் திருவிழாத் தேரோட்டங்களிலும் இன்னும் எஞ்சியுள்ள சுவர்களை இடிக்க, அந்த நினைவு நம் கைகளுக்கு வலிமை தரும்.